நீல நீர்யானையின் மூன்று கால்கள்

வெளிநாடு போய்த் திரும்பிய நவநீத், வீட்டில் எல்லோருக்கும் சாக்லேட் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் பழங்கால எகிப்தைக் கொண்டுவந்தார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் ஸ்னோபீல்ட் இன்டர்நேஷனல் பள்ளிக்கு அவர்தான் கரஸ்பாண்டன்ட். அவருடைய அப்பா பம்ப்செட்டுக்கு வார்ப்பு ஊற்றிய ஃபவுண்டரியை இடித்துவிட்டு, அதே இடத்தில் கட்டிய பள்ளி அது. பனி என்றால் மார்கழியில் வண்டி சீட்டைத் துடைக்க வைக்கும் ஈரம் என்று மட்டுமே தெரிந்த ஊர். அந்த ஊரில் ஸ்னோபீல்ட் என்று பெயர் வைத்து, வகுப்புகளுக்கு பைன், மேப்பிள், ஓக் என்று மரப்பெயர் சூட்டியிருந்தார்கள். வளாகத்தில் நிஜமாக நின்றவை மூன்று வேம்பும் ஒரு புங்கனும்.

வெளிநாட்டில் ஒரு பெரிய மியூசியத்தில் நவநீத் ஒரு காட்சியைப் பார்த்தார். நாலைந்து வயசுப் பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்ன நீல நீர்யானை. ஒரு அம்மா அதைக் காட்டிக் கதை சொல்ல, பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். பூனை, நரி, முதலை என்று மிருகக் கதைகள் வழியாகவே அந்தப் பிள்ளைகள் எகிப்தியக் கலைக்குள் நுழைகிறார்கள் என்று அங்கே எழுதிப் போட்டிருந்தது. அவங்க பிள்ளைகளுக்கு முடியுதுன்னா நம்ம பிள்ளைகளுக்கு முடியாதா என்று நவநீத்துக்கு ரத்தம் சூடேறிவிட்டது.

அடுத்த பருவத்துக்குள் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பாடத்திட்டம் வந்து இறங்கியது. பளபளவென்று படப்புத்தகங்கள், அட்டைகள். கூடவே, நவநீத் தனியாகச் சொல்லிச் செய்த ஒரு நீர்யானைச் சிலை. மியூசியத்தில் இருந்தது உள்ளங்கை நீளம்தான். இது ஆட்டுக்குட்டி உயரம். பீங்கான். மயில்கழுத்து நீலம். உடம்பு முழுக்கக் கறுப்புக் கோட்டில் தாமரைப் பூக்கள். பிள்ளைகள் சுற்றி உட்கார வசதியாக ரிசப்ஷனில் தாழ்வான ஒரு மேடை கட்டி அதில் நிறுத்தினார்கள். முதல் வெள்ளிக்கிழமையே வாட்ச்மேன் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். பிரின்சிபால் சாய்ப்ரியா ஈரத்துணியால் துடைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பொட்டு வந்தது. கூடவே யாரோ ஒரு பெற்றோர் செவ்வந்திச் சரமும் போட்டிருந்தார்கள்.

பாடம் வந்தது, சிலை வந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஓவிய ஆசிரியை பெங்களூரில் வேறு வேலை கிடைத்து, பருவத்தின் நடுவிலேயே போய்விட்டார். அந்தச் சுமை தமிழ்ச்செல்வன் தலையில் விழுந்தது.

தமிழ்ச்செல்வன் தமிழாசிரியர். பல்லடம் பக்கத்துக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை பறித்தும் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கியும் அவரை எம்.ஏ. வரை படிக்க வைத்தார்கள். ஸ்னோபீல்டில் ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்கு இரண்டே தமிழ் பீரியட். மற்ற நேரத்தில் வளாகம் முழுக்க ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும் என்று ஒவ்வொரு தூணிலும் எழுதி ஒட்டியிருந்தது. அதனால் நாளின் பெரும்பகுதியை அவர் புன்னகையிலேயே கழித்தார். டைம்டேபிளில் அவர் பெயர் 'டி. செல்வன்'. தமிழ் அதற்குள் ஒரு புள்ளியாகச் சுருங்கியிருந்தது.

"போர்டுல நீங்க யானை வரைஞ்சதைப் பார்த்தேன் சார். நல்லா இருந்துச்சு. யு.கே.ஜி. பைனுக்கு எகிப்தை நீங்களே எடுத்துக்குங்க" என்றார் சாய்ப்ரியா. "ஆனா இங்கிலீஷ்ல. புரியுதுங்களா? இது தமிழ் பீரியட் இல்லை."

முதல் வகுப்பில் தமிழ்ச்செல்வன் அட்டையைப் பிடித்துக்கொண்டு, கம்பெனி எழுதிக்கொடுத்த ஆங்கிலத்தை அப்படியே வாசித்தார். நாற்பது குழந்தைகள் அவரைப் பார்த்தார்கள். ஒன்று ஷூ லேஸை வாயில் வைத்துச் சப்பியது. இன்னொன்று, மணி எப்போது அடிக்கும் என்று சாப்பாட்டுப் பையிடமே கேட்டுக்கொண்டிருந்தது. அட்டையில் இருந்த ஆங்கிலம் தமிழ்ச்செல்வனுக்கே இரண்டாம் முறை வாசித்தபோதுதான் பிடிபட்டது.

மூன்றாம் நாள் அவர் பொறுமை போய்விட்டது. ஆயா காளியாத்தாளைக் கூப்பிட்டு, "ஏனுங்க, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க" என்றார். காளியாத்தாள் சாத்திவிட்டு உள்ளேயே நின்றுகொண்டார்.

"கண்ணுகளா, இங்க பாருங்க. இது யாரு?" என்று பூனைச் சிலையின் படம் இருந்த அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"பூனை!" நாற்பது குரல்.

"மூக்குல என்ன?"

கூரை பறந்தது. "மூக்குத்தி! சார், பூனை மூக்குத்தி போட்டிருக்குதுங்க!"

"காதுல?"

"கம்மல்!"

"அப்ப அதுக்குக் காதுகுத்து நோம்பி நடந்திருக்குமல்ல? யாரு மடியில உக்காந்திருக்கும்?"

"மாமன் மடியில!" என்றது ஒரு குழந்தை. அந்தப் பீரியட் முழுக்க அந்தப் பூனையின் தாய்மாமன் யார், மொட்டை அடித்தார்களா, பந்தியில் என்ன போட்டார்கள் என்பதிலேயே போனது. பந்தியில் எலி பிரியாணி என்று முடிவானது. ஆனால் மணி அடித்தபோது ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது: எகிப்து என்று ஒரு ஊர், அங்கே பூனையைச் சாமி மாதிரி வைத்துக் கும்பிட்டார்கள், வெண்கலத்தில் வார்த்தார்கள். வார்ப்பு என்றால் என்ன என்று பாதிப் பேருக்குச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. அவர்களுடைய அப்பாக்களின் தொழிலே அதுதான்.

அதற்குப் பிறகு வாரா வாரம் ஒரு மிருகம். நீண்ட வளைந்த அலகுப் பறவைத் தலையோடு ஒரு சாமி. எழுத்துக்கும் கணக்குக்கும் அவர்தான் அதிகாரி. "இதை நான் குளத்துல பார்த்திருக்கேனுங்க, அரிவாள் மூக்கன்" என்றான் ஒரு பையன். ஹோம்வொர்க் கொடுக்கிற சாமி குளத்தில் மீன் பிடிக்கிறார் என்று அவனுக்கு ஒரே கவலை. செத்தவர்களை வழிகாட்டி அழைத்துப்போகும் நரித்தலைச் சாமி. சூரியனையே சாணி உருண்டை போல உருட்டிக்கொண்டு போகும் வண்டு. இந்த வண்டுக் கதை நடந்த வாரம், சாய்ப்ரியாவுக்கு மூன்று பெற்றோர் போன் செய்து, இன்டர்நேஷனல் பள்ளியில் பிள்ளைகளுக்கு எதற்குச் சாணி பற்றிப் பாடம் என்று கேட்டார்கள். அது எகிப்து நாட்டுச் சாணி என்று அவர் விளக்கியதும் சமாதானமானார்கள்.

படம் வரைவதில் தமிழ்ச்செல்வன் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எகிப்தியர் முகத்தைப் பக்கவாட்டில் வரைந்து கண்ணை மட்டும் நேராக வைப்பார்கள். ஐந்து வயசுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் வரைகிறார்கள். பெரிய மனுஷரைப் பெரிதாகவும் மற்றவரைச் சின்னதாகவும் வரைவது எகிப்திய வழக்கம் என்று சொல்லி, 'நம்ம பள்ளிக்கூடம்' வரையச் சொன்னார். சுவர் நீளத்துக்கு ஒட்டிய வெள்ளைத்தாளில் கூரையைத் தொடுகிற உயரத்தில் காளியாத்தாள் நின்றார். டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து தருகிறவர் அவர்தானே. அவருடைய இடுப்பளவுக்கு வேன் டிரைவர். நவநீத் காளியாத்தாளின் கால் விரலுக்குப் பக்கத்தில், கோட் போட்டு, எறும்பளவில் இருந்தார். அவர் முகம் பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரியாததால் தலைக்குப் பதில் கார் வரைந்திருந்தார்கள். தமிழ்ச்செல்வன் அந்த மூலையில் ஒரு அலமாரியைத் தள்ளி வைத்துவிட்டார்.

கடைசியாக நீர்யானையின் முறை வந்தது.

இந்தக் கதைக்காகத் தமிழ்ச்செல்வன் போனில் தேடித் தேடிப் படித்திருந்தார். எகிப்தில் பெரிய ஆறு, அதில் நீர்யானைகள், படகைக் கவிழ்த்து ஆளைக் கடித்துப் போட்டுவிடும். ஆனாலும் அழகு. அதனால் நீல நிறத்தில் பொம்மை செய்து, ஆற்றுத் தாமரையையெல்லாம் அதன் உடம்பிலேயே வரைந்து, செத்துப்போனவருக்குத் துணையாகக் கல்லறையில் வைத்தார்கள்.

"வெச்சுப்போட்டு ஒரு பயம் வந்துருச்சு கண்ணுகளா. ராத்திரி இது உசுரு வந்து எந்திரிச்சு, உள்ள இருக்கறவரையே கடிச்சுப்போட்டா? அதனால என்ன பண்ணுனாங்க தெரியுமா? டக், டக், டக். மூணு காலை ஒடைச்சுப்போட்டாங்க. இனி எப்படி நடக்கும்?"

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த இனியா கையைத் தூக்கினாள். இரட்டைப் பின்னல், எதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொள்ளும் சுபாவம்.

"சார், நம்ம நீர்யானைக்கு நாலு காலும் இருக்குதுங்க."

"ஆமா அம்மணி. இது நல்ல நீர்யானை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தமிழ்ச்செல்வன் சிரித்தார். "அது எனக்கும் தெரியலியே" என்றார். மணி அடித்தது. அவர் அட்டைகளைச் சேர்த்துக்கொண்டு போய்விட்டார்.

சிரித்தவருக்கு ஒன்று தெரியாது. இனியாவுக்கு இரண்டரை வயசில் ஒரு தம்பி இருந்தான். போன வாரம்தான் அவனை மழலையர் அறையில் சேர்த்திருந்தார்கள். அந்த அறை ரிசப்ஷனுக்குப் பக்கத்தில், நீர்யானை மேடையிலிருந்து பத்தடி தூரம். மத்தியானம் அங்கே பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்க வைப்பார்கள்.

விடுமுறை முடிந்து வந்த முதல் நாள் மத்தியானம், எல்லா ஆயாக்களும் சாப்பாட்டு அறையில் இருந்த நேரம். இனியா தன் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ரிசப்ஷனுக்குப் போனாள். அவசரப்படவில்லை. முன்னங்கால் ஒன்றைத் தட்டினாள். உள்ளே வெறும் கூடு. மூன்றாவது தட்டில் கால் வந்துவிட்டது. அடுத்த முன்னங்கால். பிறகு ஒரு பின்னங்கால். நீர்யானை மெல்லச் சாய்ந்து, மேடையில் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த காளியாத்தாள் பார்த்தபோது அவள் நாலாவது காலைத் தொடவில்லை.

"ஐயோ கண்ணு, என்ன பண்ணிப்போட்டே!"

"மூணு போதுங்க ஆயா. சார் சொன்னாரு."

இது நடந்தது திங்கட்கிழமை. புதன்கிழமை, பாடத்திட்டக் கம்பெனியிலிருந்து மதிப்பீட்டாளர் வருவதாக இருந்தது.

பிரின்சிபால் அறையில் விசாரணை. கேமராவில் பதிவானதை நவநீத் நாலு முறை ஓட்டிப் பார்த்தார். இனியாவின் அம்மா மௌனிகா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஊட்ல ஒரு டம்ளர் ஒடைச்சதில்லைங்க இவ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தமிழ்ச்செல்வன் ஓரமாக நின்றார்.

"யார் உனக்கு இதைச் சொன்னது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் நவநீத்.

"சார்தாங்க. கால் இருந்தா கடிச்சுப்போடும்னு சொன்னாரு. என்ற தம்பி அங்கதான் தூங்குவான்."

சாய்ப்ரியா தமிழ்ச்செல்வன் பக்கம் திரும்பினார். "பிள்ளை இவ்வளவு தெளிவாச் சொல்லுதுன்னா, நீங்க எந்த மொழில கதை சொன்னீங்க?"

சிலை உடைந்ததற்குப் பதில் சொல்லத் தமிழ்ச்செல்வன் தயாராகத்தான் வந்திருந்தார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. நாக்கு தானாகப் புரண்டது. "இங்கிலீஷ்லதாங்க மேடம்."

"இல்லைங்க மிஸ்" என்றாள் இனியா, உதவி செய்கிற ஆர்வத்தோடு. "தமிழ்ல சொன்னாருங்க. இங்கிலீஷ்ல சொன்னா யாருக்கும் புரியறதில்லைங்க, அதான்."

அறையில் இருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். ஐந்து வயசுக் குழந்தை முன்னால் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வெட்கம் தமிழ்ச்செல்வனின் காது வரை ஏறியது. புதன்கிழமை விசிட் முடிந்ததும் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து பார்க்கும்படி நவநீத் சொன்னார்.

உடைந்த கால்களை ஒட்ட, லேத் பட்டறையிலிருந்து ஒரு ஆள் வந்து எம்-சீல் வைத்துப் பார்த்தார். ஒட்டியது. நவநீத் தானே தூக்கி நிறுத்தினார். அடுத்த நிமிஷம் மூன்று காலும் மறுபடி கழன்று விழுந்தன. கடைசியில் வெள்ளை வேட்டி ஒன்றால் மூடினார்கள். அது அசல் பிணம் மாதிரியே தெரிந்ததால், மேலே ஒரு பூந்தொட்டியை வைத்தார்கள். இப்போது இன்னும் மோசமாகத் தெரிந்தது.

மதிப்பீட்டாளரின் பெயர் மின்னஞ்சலில் 'டாக்டர் யு. குல்சும், எடின்பரோ' என்று வந்திருந்தது. சாய்ப்ரியா இணையத்தில் தேடியபோது அது துருக்கிப் பெயர் என்று வந்தது. உடனே செவ்வாய்க்கிழமை முழுக்க பைன் வகுப்புக்குத் துருக்கி மொழியில் வணக்கம் சொல்லப் பயிற்சி நடந்தது. விமான நிலையத்துக்குப் பெயர்ப் பலகையோடு கார் போயிற்று.

புதன்கிழமை காலை பத்தரைக்கு, காட்டன் சேலை கட்டி, தலையில் முக்காடிட்ட ஒரு அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். வாட்ச்மேன் வழிமறித்தார். "அட்மிஷனுங்களா? இன்னைக்கு இல்லைங்க, வெளிநாட்டு ஆளுக வாராங்க."

"நான்தானுங்க அந்த வெளிநாட்டு ஆளு" என்றார் அந்த அம்மா. "உக்கடத்துல பஸ் ஏறுனேன். இங்க ஸ்டாப்புல இறங்கி ஆட்டோ புடிச்சேன்."

உம்மல் குல்சும் உக்கடத்தில் பிறந்து வளர்ந்தவர். முப்பது வருஷமாக எடின்பரோவில் இருக்கிறார். பழம்பொருள்களும் குழந்தைகளும்தான் அவருடைய தொழில். தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவரை, பக்கத்திலேயே ஒரு பள்ளி இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள் என்று கம்பெனி கேட்டுக்கொண்டிருந்தது. கார் இன்னும் விமான நிலையத்தில் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அவர் உள்ளே நுழைந்ததும் நாற்பது குழந்தைகளும் ஒரே குரலில், "மெர்ஹபா!" என்று கத்தினார்கள்.

குல்சும் திகைத்தார். "என்னங்க கண்ணு? என்னமோ சொன்னீங்களே?"

குழந்தைகள் அவரைப் பார்த்தார்கள், பிறகு சாய்ப்ரியாவைப் பார்த்தார்கள். தமிழ் பேசலாமா கூடாதா என்று சாய்ப்ரியாவுக்கே தெரியவில்லை. நவநீத் சட்டென்று முன்னால் வந்து, அழகான ஆங்கிலத்தில் பள்ளியின் நோக்கங்களைச் சொல்ல ஆரம்பித்தார். குல்சும் தலையாட்டிக்கொண்டே, வேட்டி மூடியிருந்த மேடையையும் பூந்தொட்டியையும் பார்த்தார்.

"இது என்னங்க? யாராச்சும் தவறிட்டாங்களா?"

"பராமரிப்புல இருக்குதுங்க மேடம்" என்றார் சாய்ப்ரியா.

குல்சும் அதைக் காதில் வாங்கவில்லை. பூந்தொட்டியை எடுத்துக் கீழே வைத்தார், துணியை விலக்கினார். மூன்று கால்களும் பக்கத்தில் வரிசையாகக் கிடந்தன. நீர்யானையின் வாயில் எம்-சீல் ஒட்டியிருந்தது.

"யாரு ஒடைச்சது?"

"நானுங்க" என்றாள் இனியா. "எந்திரிச்சு வந்து தம்பியைக் கடிச்சுப்போடும்னு ஒடைச்சுப்போட்டேனுங்க. நாலும் ஒடைக்கல. மூணுதான்."

குல்சும் சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் அப்படியே உட்கார்ந்தார். ஒரு காலை எடுத்து மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று சாய்ப்ரியா பயந்துபோனார். சிரிப்புதான், ஆனால் கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"நாங்க இருபது வருஷமா அசல் நீர்யானைக்குக் காலைப் போட்டு ஒட்டிட்டு இருக்கறோம்" என்றார், பொதுவாக. "மியூசியத்துல வெக்கணுமில்ல. அது நிக்கறதைப் பார்த்து எல்லாரும் அழகுன்னு போட்டோ எடுப்பாங்க. அதுக்குப் பயந்த ஒரு ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தி இதைச் செஞ்சவன் வந்திருந்தா இந்தப் பிள்ளைகூட மட்டும்தான் பேசியிருப்பான்." பிறகு இனியாவிடம், "தம்பி நல்லாத் தூங்குனானா?"

"நல்லாத் தூங்குனானுங்க."

நவநீத்துக்குப் புரிய நாலு நொடி ஆயிற்று. ஐந்தாவது நொடியில் அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டார். "இது எங்க கற்பித்தல் முறைங்க மேடம். பிள்ளைகளே அனுபவிச்சுக் கத்துக்கணும்னு திட்டமிட்டுப் பண்ணினது." அவர் தமிழ் பேசிக் கேட்டது அந்த வளாகத்தில் பல பேருக்கு அதுதான் முதல் தடவை. "இவர்தான் எங்க ஹெரிடேஜ் கோஆர்டினேட்டர்" என்று தமிழ்ச்செல்வனைத் தோளில் கை போட்டு இழுத்து நிறுத்தினார். சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் மொடமொடத்தது.

அறிக்கை வந்தது. ஸ்னோபீல்டுக்கு எல்லாவற்றிலும் முதல் தரம். தமிழ்ச்செல்வனுக்கு அந்தப் பட்டம் எழுத்திலேயே கிடைத்தது. அதற்கு நேரம் வேண்டுமே. ஆகவே தமிழ் பீரியடை வாரத்துக்கு இரண்டிலிருந்து ஒன்றாக்கினார்கள். இனியாவின் படம் பள்ளியின் விளம்பரப் பலகையில் மேட்டுப்பாளையம் ரோட்டைப் பார்த்துச் சிரித்தது.

அதோடு நவநீத் நிற்கவில்லை. கால் ஒடிப்பு விழா அறிவித்தார். பைன் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கையளவு களிமண் நீர்யானை. வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு நாள் வைத்து நீல வர்ணம் அடித்து, சனிக்கிழமை கொண்டுவர வேண்டும். மைதானத்தில் பந்தல், பிள்ளைகளுக்கு மரச்சுத்தியல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மேலே படம் எடுக்க ட்ரோன். எல்லாப் பெற்றோரும் வந்தாக வேண்டும்.

சனிக்கிழமை காலை தமிழ்ச்செல்வன் மைக்கைப் பிடித்து, எழுதிக்கொடுத்தபடி ஆங்கிலத்தில், "குழந்தைகளே, இப்போது உடையுங்கள்" என்றார்.

ஒரு சுத்தியலும் எழவில்லை.

பெரிய கண்ணாடிகளுக்குள் நாற்பது ஜோடிக் கண்கள் மேஜையைப் பார்த்தன. அந்த நாலு நாளில் என்ன நடந்தது என்று பெரியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. நீர்யானைகளுக்குப் பெயர் வைத்தாயிற்று. ஒன்றுக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தது. ஒன்றின் வாயில் இட்லித் துணுக்கு. இனியா தன்னுடையதை இரண்டு கையாலும் அணைத்திருந்தாள்.

"ஒடைக்கலியா அம்மணி?" என்றார் தமிழ்ச்செல்வன், மைக்கை விலக்கி.

"எங்க ஊட்ல நாலு நாளா இருக்குதுங்க. யாரையும் கடிக்கலைங்க. பாவம்."

சீக்கிரம் என்று நவநீத் வாயசைத்தார், மேலே ட்ரோன் வட்டமிட்டது. முதலில் ஒரு அப்பா எழுந்து வந்தார். "ஒடை கண்ணு, வீடியோ ஓடுதல்ல" என்று பிள்ளையின் கையைச் சுத்தியலோடு சேர்த்துப் பிடித்து ஒரு போடு போட்டார். பிள்ளை வீறிட்டது. அதைப் பார்த்து இன்னொரு அம்மா. பிறகு எல்லோரும். தன் பிள்ளை மட்டும் பின்தங்கிவிடக் கூடாதே. பந்தலெங்கும் டக், டக், டக். ஐந்து நிமிஷத்தில் பாதி மேஜைகளில் நீலத் துண்டுகள். அழுகைச் சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. மௌனிகாவும் சுத்தியலை எடுத்துக்கொண்டு மகளிடம் வந்தார். இனியா மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

தமிழ்ச்செல்வன் அன்று பிரின்சிபால் அறையில் பொய் சொன்ன மனிதர்தான். துணிச்சல் என்று சொல்ல அவரிடம் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அந்த டக், டக் சத்தம் முதலில் அவருடைய வாயிலிருந்துதான் புறப்பட்டது. வகுப்பில் மூன்று முறை நாக்கைச் சுண்டிச் சொன்னவர் அவர்தான். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"ஏனுங்க, எல்லாரும் கொஞ்சம் கையை எடுங்க. கதை இன்னும் முடியலைங்க."

பந்தல் முழுக்கத் தமிழ் ஒலித்தது. சாய்ப்ரியா கண்ணை மூடிக்கொண்டார்.

"எகிப்துல இன்னொரு நீர்யானை இருக்குது கண்ணுகளா. பொம்பளை நீர்யானை. ரெண்டு காலுல நிக்கும். வயிறு முன்னால தள்ளியிருக்கும், மாசமா இருக்கற அம்மா மாதிரி. வாய் நிறையப் பல்லு. பார்த்தாலே பயமா இருக்கும். ஆனா யாரும் அதைக் கல்லறையில பூட்டல. ஊட்டுக்குள்ள வெச்சாங்க. கட்டில் கால்ல செதுக்குனாங்க. புள்ளை பொறக்கறப்ப அதைத்தான் தொணைக்குக் கூப்பிட்டாங்க. ஏன்? புள்ளைகிட்ட கெட்டது எதாவது வந்தா, அது போய்க் கடிச்சுப்போடும். அதுக்கு அந்தப் பல்லு. ஓடிப்போய்ப் புடிக்கறதுக்கு அந்தக் காலு. அதனால அந்த நீர்யானை காலை மட்டும் யாரும் ஒடைக்கல."

சுத்தியல்கள் கீழே வைக்கப்பட்டன. அழுகை விக்கலாகி அடங்கியது. தமிழ்ச்செல்வன் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார்: அவள் பெயர், அவளுடைய முதுகில் இருக்கும் முதலை வால், சிங்கத்தின் கைகள். பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மாசக்கணக்கில் பிள்ளைகள் கொண்டுவந்த ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, புரிந்தது போல மூடி வைத்தவர்கள் அவர்கள். எகிப்து எப்படிப்பட்ட ஊர் என்று இன்றுதான் அவர்களுக்கும் தெரிய வந்தது.

"சார், முதலை வாலுன்னீங்களே" என்றார் முதலில் உடைத்த அந்த அப்பா. மடியில் விக்கிக்கொண்டிருந்த மகளின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். "அது எப்படிங்க வந்துச்சு?"

பகல் சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை வேலை போய்விடும் என்று தமிழ்ச்செல்வன் பழைய கடிதத்தையே பையில் எடுத்து வந்தார். தேதியை மட்டும் திருத்தியிருந்தார். ஆனால் அதற்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுபத்திரண்டு செய்திகள் வந்திருந்தன, எல்லாம் கதையைக் கேட்டு. நவநீத் அதை இரவு முழுக்கப் படித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தமிழில் கதை சொன்னால் எவ்வளவு நன்றாகப் புரிகிறது என்று அவரே வியந்தார்.

"அதனால இனி சனிக்கிழமை தோறும் நீங்க தமிழ்லயே சொல்லுங்க" என்றார். "பெற்றோர்களுக்கு."

"பிள்ளைகளுக்குங்க?"

"பிள்ளைகளுக்கு வழக்கம்போல இங்கிலீஷ்தான் சார். அவங்க இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட்ஸ் ஆச்சே."

சனிக்கிழமை வகுப்புக்கு வாசலில், பெரியவர்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டினார்கள். பெரியவர்கள் வந்தார்கள். சனிக்கிழமை விடுமுறையில் பிள்ளைகளை வீட்டில் யாரிடம் விட்டு வருவது? கூட்டிக்கொண்டே வந்தார்கள். பலகையைப் படிக்கத் தெரியாத காளியாத்தாள், பிள்ளைகளை வரிசையாக உள்ளே அழைத்துப்போய், அப்பா அம்மாக்களுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார வைத்தார்.